மருந்துக் கங்காணி வளர்த்த வண்ணத்துப்பூச்சிகள்

நாளைக் காலை பங்களாப் பூந்தோட்டத்தில் வேலைக்குச் சேரப்போகும் தம்பி தங்கச்சிகளுக்கு நான்கு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி ஹோட்டல் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். உற்சாகமாக இருக்கட்டும் என்றும் சொல்லியனுப்பினார்கள். ஓய்வுபெற்றவனிடம் உற்சாகம் கேட்பது, கவாத்து வெட்டிய தேயிலை மலையில் கொழுந்து கேட்பது மாதிரி. இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கும் இப்போது வேறு வேலை இல்லை.

நீங்கள் எல்லோரும் பூந்தோட்டக் கலை படித்துச் சான்றிதழோடு வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மிகவும் சந்தோஷம். அந்தத் தோட்டத்துக்கு முதல் தலைமைத் தோட்டக்காரனாக நான் போனபோது என்னிடம் இருந்த ஒரே தகுதி, உயிரோடு இருப்பதைச் சாகடிப்பது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் நான் மருந்துக் கங்காணி. முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு களைக்கும் பூச்சிக்கும் மருந்து அடிக்கும் ஆட்களுக்குத் தலைவன். இருபத்திரண்டு வருசம் அந்த வேலை பார்த்தேன். என் மலையில் ஓட்டை விழுந்த இலை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று ஊரெல்லாம் சவால் விட்டிருக்கிறேன். ஒருவரும் காட்டியதில்லை. என்னோடு வாக்குவாதம் செய்வதைவிட ஓட்டையைப் பார்க்காமல் இருப்பது சுலபம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

பழைய துரை பங்களாவைத் தோட்டக் கம்பெனியே ஹோட்டலாக மாற்றியது. கொழும்பிலிருந்து வந்த மேனேஜர், பூச்சிகளைப் பற்றி இங்கே அதிகம் தெரிந்தவர் யார் என்று விசாரித்திருக்கிறார். எல்லோரும் என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். அதில் பொய்யில்லை. ஆடுகளைப் பற்றி அதிகம் தெரிந்தவர் இறைச்சிக்கடைக்காரர்தானே.

மேனேஜர் கெட்டவர் இல்லை. படித்தவர். படித்ததை அப்படியே நம்புகிறவர், அவ்வளவுதான் குறை. இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்த ஒரு தாளை என் கையில் கொடுத்தார். இலையுதிர்காலத்தில் வண்ணத்துப்பூச்சிகளை வரவழைக்கும் தோட்டப்பூக்கள் என்று அதற்குத் தலைப்பு. ஐப்பசியில் எட்டு வெளிநாட்டுக்காரர்கள் பெரிய பெரிய கெமராக்களோடு வண்ணத்துப்பூச்சி பார்க்க வருகிறார்கள் என்றார். அவர்களுக்குத் திருப்தியென்றால் பூந்தோட்டத்து ஐந்து பேருக்கும் வேலை நிரந்தரம். இல்லையென்றால் எல்லாவற்றையும் புல்தரையாக்கிவிட்டு எங்களைத் திரும்பவும் மலைக்கு அனுப்பிவிடுவார்.

அந்தத் தாளை என் மகள் வாசித்து விளக்கினாள். முதல் உறைபனி விழுந்ததும் காய்ந்த தண்டுகளை வெட்டாமல் விடவும் என்று அதில் இருந்தது. ஊவா மாகாணத்தில் எங்களுக்குத் தெரிந்த காலம் இரண்டுதான். ஒன்று கச்சான் காற்று அடிக்கும் காலம், மற்றது மழைக்காலம். இங்கே இலை உதிர்ந்தால் என் மருந்து கூடிப்போயிற்று என்று அர்த்தம்.

தாளில் இருந்த பூக்களில் பாதியைப் பதுளைக் கடைவீதியில் ஒருவரும் கேள்விப்பட்டதே இல்லை. விதைக்கடைக்கார நானா தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு சீனியா, கொஸ்மஸ், செவ்வந்தி மூன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். இந்த மூன்றும் எந்த நாட்டுப் பூச்சிக்கும் பிடிக்கும் என்றார். அதே கையால் மருந்துப் போத்தல் ஒன்றையும் எடுத்து வைத்தார். பூ வந்தால் புழுவும் வரும், இதையும் கொண்டு போங்கள் என்றார். மனிதர் ஒரே மூச்சில் முழு விசயத்தையும் சொல்லிவிட்டார். இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய நான்தான் ஒன்றையும் விளங்கிக்கொள்ளவில்லை.

முதல் விதைப்பைக் கச்சான் காற்று அள்ளிக்கொண்டு போனது. மேட்டுப் பக்கம் விதைக்காதீர்கள், மதிலுக்கு மறைவாக விதையுங்கள் என்று பவளம் முதலிலேயே சொன்னார். நான் கேட்கவில்லை. இரண்டாம் தரம் மதிலுக்கு மறைவாக விதைத்தேன், அது என் சொந்த யோசனை என்று மேனேஜரிடம் சொன்னேன். என் குணத்தை நீங்கள் இங்கேயே தெரிந்துகொண்டால் மிச்சக் கதை சுலபமாக விளங்கும்.

பவளம் யாரென்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கீழே வேலை செய்த நான்கு பெண்களில் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். சின்ன வயதிலிருந்து கொழுந்து பறித்தவர். மேல்மலையில் சறுக்கி விழுந்து வலது முழங்கால் கெட்டுப்போனது. அதற்குப் பிறகு சரிவு ஏற முடியாமல் பூந்தோட்டத்துக்கு மாறி வந்தவர். புருசன் இல்லை. மகள் கல்யாணம் கட்டிக்கொண்டு பசறைக்குப் போய்விட்டாள். எங்கள் தோட்டத்தில் லயத்தில், அதுதான் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஓர் அறையில் குடியிருக்க வேண்டுமென்றால், அந்த அறையிலிருந்து ஒருவராவது செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பெயர் பதிந்து வேலைக்குப் போக வேண்டும். பவளத்தின் அறையில் இருந்த ஒரே பெயர் பவளம். அந்தப் பெயர் நிலைத்திருந்தது பூந்தோட்டத்துச் சமதரையால்தான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு நான் செய்ததைக் கேட்கும்போது, எனக்குத் தெரியும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தினர் வர மூன்று வாரம் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, பூக்கள் அமர்க்களமாகப் பூத்திருந்தன. ஒன்றிரண்டு வண்ணத்துப்பூச்சிகளும் வரத் தொடங்கியிருந்தன. ஆனால் நான் தேயிலைக்காரன். என் கண் பூவைப் பார்க்காது, இலையைத்தான் பார்க்கும். சமையல் குசினிக்குப் பின்னால் நின்ற எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் ஒரே புழு. சில பச்சைப் புழு, சில குருவி எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக. இலையெல்லாம் சல்லடை. வேலியோரம் எருக்கும் கிலுகிலுப்பையுமாகக் காடு மண்டிக் கிடந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்தால் இந்தத் தோட்டத்துக்குக் கங்காணி இல்லையா என்று கேட்பார்களே என்று எனக்கு மானம் போனது. மறுநாள் பெரட்டில், அதுதான் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், உத்தரவு போட்டேன். வேலியோரம் முழுதும் பிடுங்கி எறிய வேண்டும். மரங்களுக்கு மருந்து.

பவளம் மட்டும் நகரவில்லை.

“எலுமிச்சைக்கு மருந்து அடிக்காதீங்க கங்காணி,” என்றார். “அதுல ஊர்றதுதான் நாளைக்குப் பறக்கப்போவுது. நான் பாத்திருக்கேன்.”

“கொழுந்தப் பத்திக் கேட்டா நீ சொல்லு பவளம். பூச்சியப் பத்தி எனக்கு யாரும் சொல்லத் தேவையில்ல.”

மற்ற மூன்று பெண்களும் சிரித்தார்கள். என் பேச்சு நன்றாக இருந்ததால் சிரித்தார்கள் என்று நினைத்தேன். கங்காணி சொன்னால் சிரிக்க வேண்டும் என்பதும் வேலையில் சேர்ந்ததுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கு உங்களுக்குக் கீழே யாராவது வேலை செய்தால், அவர்கள் உடனே சிரிக்கும் இடத்தில் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

மருந்து அடிப்பதற்கு முன்னால் புழு இருக்கிற கிளைகளை வெட்டிக்கொண்டு போகட்டுமா என்று பவளம் கேட்டார். குப்பைதானே, தாராளமாக அள்ளிக்கொண்டு போ என்றேன். அவர் கிளைகளைப் பழைய கொழுந்துக் கூடையில் அடுக்கினார். பிடுங்கிப் போட்ட எருக்கையும் கிலுகிலுப்பையையும் வேரோடு சாக்கில் சுற்றிக்கொண்டார். நொண்டி நொண்டி லயத்துப் பக்கம் இரண்டு நடை நடந்தார். ஒரு மனுசி புழுவைக் கூடையில் சுமந்துகொண்டு போவதை அன்றுதான் நான் பார்த்தேன். வயிறு குலுங்கச் சிரித்தேன்.

பிறகு மருந்து அடித்தேன். எலுமிச்சைக்கு அடித்தேன், கறிவேப்பிலைக்கு அடித்தேன். டின்னில் மீதம் இருந்தது. எதையும் வீணாக்காத நல்ல குணம் எனக்கு உண்டு. மீதத்தைப் பூக்களுக்கும் அடித்தேன்.

மறுநாள் நான்தான் முதலில் போனேன். சீனியாப் பாத்திக்குள் வண்ணத்துப்பூச்சிகள் விழுந்து கிடந்தன. கறுப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் இருந்தன. சில இன்னும் இறக்கையை அசைத்துக்கொண்டிருந்தன. மேனேஜர் வருவதற்குள் விளக்குமாற்றால் கூட்டி எருக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். அந்த எருக்குழியைப் பற்றி இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

விருந்தினர் வர ஒரு வாரம் இருக்கும்போது மேனேஜர் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். பூ இருந்தது. இலை கண்ணாடி மாதிரி இருந்தது. ஓட்டை இல்லை, களை இல்லை, ஓர் ஈகூட இல்லை. அவர் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, பூச்சி எங்கே என்று கேட்டார்.

எனக்கு உண்மை தெரியும். சொல்லியிருந்தால் என்னை மலைக்கு அனுப்பியிருப்பார். எனக்கு முழங்கால் நன்றாக இருந்தது, நான் போயிருக்கலாம். ஆனால் என் வாய் வேறொன்றைச் சொன்னது. பவளம் புழுப் பிடித்த செடிகளை ரகசியமாக வளர்த்து வைத்திருந்ததாகவும், அந்தப் புழுவுக்குப் பயந்துதான் வண்ணத்துப்பூச்சி கிட்ட வரவில்லை என்றும் சொன்னேன். மேனேஜர் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்றார். பூச்சியைப் பற்றித் தெரியாத ஒருவரும் வாயைத் திறந்தாலே பொய் சொல்லும் ஒருவரும் மாறி மாறித் தலையாட்டினால் அதற்கு மீட்டிங் என்று பெயர். உங்களுக்கும் வாரம் ஒன்று இருக்கும்.

அடுத்த நாள் பெரட்டில் பவளத்தின் பெயரை மேல்மலைக்கு வாசித்தார்கள். அவர் வாதாடவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார். சரிங்க என்றார். கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

முதல் நாள் அவர் சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்ததாகச் சொன்னார்கள். நாலாம் நாள் வேலைக்கே போகவில்லை. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனால் பெயரை வெட்டிவிடுவார்கள், அறையும் போய்விடும் என்று லயத்தில் பேச்சு. நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் சீனியாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

விருந்தினர் வந்தார்கள். எட்டுப் பேரும் மிகவும் நாகரிகமானவர்கள். பூக்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பங்களாவைப் படம் எடுத்தார்கள், குசினிச் சமையல்கார அப்புவைப் படம் எடுத்தார்கள். ஒருவர் என்னையும் எடுத்தார். தோட்டத்தில் அசைகிற உயிர் வேறு இல்லாததால் இருக்கலாம்.

மத்தியானம் நடக்கப் போனவர்கள் தேத்தண்ணி நேரத்துக்கும் திரும்பவில்லை. தேடிப்போகச் சொல்லி என்னை அனுப்பினார் மேனேஜர். லயத்தின் பின்பக்கம், கழிவுநீர் ஓடும் கான் ஓரத்தில், எட்டுப் பேரும் குந்திக்கொண்டு இருந்தார்கள். பவளத்தின் அறைக்குப் பின்னால் ஓர் எலுமிச்சை மரம் உண்டு. நான் குப்பை என்ற கிளைகளை அவர் அதில் கட்டியிருந்தார், புழுக்கள் ஊர்ந்து மரத்துக்கு மாறியிருந்தன. நான் பிடுங்கி எறிந்த எருக்கும் கிலுகிலுப்பையும் அங்கே நட்டபடி நின்றன. அதற்கு அந்தப் பக்கம் யாரும் வெட்டாத உன்னிப்பூ வேலி. எல்லாவற்றுக்கும் மேலே வண்ணத்துப்பூச்சிகள். கறுப்பில் சிவப்புப் புள்ளி போட்டவை, மஞ்சள், நீலம். காயப்போட்ட சேலையின் மேலும் உட்கார்ந்திருந்தன. பவளம் பின்வாசலில் காலை நீட்டி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் காணாத மாதிரி இருந்தார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

இத்தோடு கதை சுபமாக முடிந்தது என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு நிர்வாகம் பழக்கமில்லை. விருந்தினர் காட்டிய படங்களில் மேனேஜர் வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கவில்லை. கானைப் பார்த்தார், கிழிந்த இலையைப் பார்த்தார், காயும் துணியைப் பார்த்தார். மறுநாள் பெரட்டுக்கு அவரே வந்தார். ஒன்பது மணிக்கு அவர்கள் மறுபடியும் அங்கே போகப்போகிறார்கள், அதற்குள் வேலியை வெட்டி, கானுக்கும் மரத்துக்கும் மருந்து அடித்து, பார்க்கிற மாதிரி ஆக்குங்கள் என்றார். வண்ணத்துப்பூச்சி பார்க்க வந்தவர்களுக்காக, வண்ணத்துப்பூச்சி இருக்கிற ஒரே இடத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார். நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பெரட்டில் இதே உத்தரவைப் போட்டவன் நான்.

டின்னை நிரப்பி முதுகில் கட்டிக்கொண்டு போனேன். பவளம் பின்வாசலில் நின்றார். வழியை மறிக்கவில்லை, ஒதுங்கி நின்றார்.

“அடிங்க கங்காணி. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே,” என்றார். “அறையே போவப்போவுது. புழு இருந்து யாரு பாக்கப்போறா?”

பம்புப் பிடியில் என் கை இருந்தது. அடித்துவிட்டால் என் பொய் பத்திரம், என் கங்காணி வேலை பத்திரம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எலுமிச்சைக் கிளையில் ஒரு கூடு பிளந்து, ஈரமான இறக்கையோடு ஒன்று வெளியே தொங்கியது. பறக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் போலிருந்தது. என்னால் முடியவில்லை. திரும்பி, நிறைந்த டின்னோடு பங்களா மேட்டில் ஏறினேன்.

விருந்தினர் விராந்தையில் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். மருந்து டின்னோடு அங்கே போவது வேலைநீக்கம் செய்யத் தக்க குற்றம். மேனேஜர் பாதி எழுந்தார். அவர் முழுதாக எழும்புவதற்குள் சொல்லிவிட்டேன்.

“பூந்தோட்டத்துக்கு மருந்து அடிச்சு எல்லாத்தையும் கொன்னது நான்தான் சேர். பவளம் வேணாம்னுதான் சொன்னாங்க. நான் உங்ககிட்ட பொய் சொல்லி அவங்கள மலைக்கு அனுப்ப வச்சேன். லயத்துப் பக்கம் நான் அடிக்க மாட்டேன்.”

இவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா கேட்டார். மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக ஏதோ விளக்கினார். என் ஆங்கிலம் மருந்துப் போத்தல் லேபிள் அளவுக்குத்தான். ஆனாலும் வெல்கம் என்ற சொல்லும் ட்ரடிஷன் என்ற சொல்லும் எனக்கு விளங்கின. எட்டுப் பேரும் கைதட்டினார்கள். என் ஆயுளில் நான் துணிந்து சொன்ன ஒரே பெரிய உண்மைக்கு அப்படி ஒரு வரவேற்பு.

மேனேஜர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவர் சிரித்துத்தான் ஆக வேண்டும். நேராக அலுவலகத்துக்குள் போய்ப் பெரட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்து வந்து அவருடைய பாண் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். பவளத்தின் பெயரை மேல்மலையில் வெட்டிப் பூந்தோட்டத்தில் போடுங்கள் என்றேன். அவர் சிரித்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு, அப்புறம் பேசலாம் என்றார். சரி சேர், அதுவரைக்கும் இந்த டின்னை இங்கேயே இறக்கி வைக்கவா என்று கேட்டேன். உடனே கையெழுத்துப் போட்டார்.

மேலிடத்தில் நியாயம் கேட்க நல்ல நேரம், மேலிடம் சிரிக்கக் கடமைப்பட்டிருக்கும் நேரம். உங்கள் சான்றிதழ்ப் படிப்பில் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நான் ஒரு வாரம் முந்திச் சொல்லியிருந்தால் இந்தக் கெட்டித்தனம் எதுவும் தேவைப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

விருந்தினர் அந்த லயத்துப் பின்பக்கமே கதியென்று மூன்று நாள் இருந்துவிட்டு மகிழ்ச்சியாகப் போனார்கள். எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது. பூந்தோட்டத்து வேலை எல்லோருக்கும் நிரந்தரமானது. அந்த இடத்துக்கு ஒரு பெயர்ப்பலகை வைத்து, இயற்கையான வண்ணத்துப்பூச்சிப் பாதை, எங்கள் ஹோட்டலின் சொந்தத் திட்டம் என்று மேனேஜர் எழுதினார். பலகையில் போட்ட படத்தில் கானை மட்டும் வெட்டிவிட்டார்.

பவளம் திரும்பி வந்த அன்று பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நல்ல நல்ல வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். முதல் வார்த்தை வருவதற்குள் அவர் கையை நீட்டினார்.

“அதெல்லாம் இருக்கட்டும் கங்காணி. மருந்து ரூம் சாவி எங்க?”

கொடுத்தேன். அன்றிலிருந்து நான் ஓய்வுபெறும் வரைக்கும் அந்தச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. மன்னித்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அவரிடம் கேட்க எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.

எனக்குப் பிறகு கங்காணி அவர்தான். நாளைக் காலை உங்கள் பெயரைக் கூப்பிடப்போவதும் அவர்தான். பூவைக் காட்டி அவரை மயக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓட்டை இல்லாத இலையைக் காட்டிப் பெருமைப்பட்டீர்களோ, தொலைந்தீர்கள். புழுவுக்கென்று ஒரு பாத்தி, பூவுக்கென்று ஒரு பாத்தி என்று அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அது எந்தத் தாளிலும் இல்லை. கேட்டால் சொல்வார். நான் கேட்காமல் இருந்ததன் விலையைத்தான் இவ்வளவு நேரமும் எழுதினேன்.

போன மாதம் என் வீட்டு எலுமிச்சையில் புழு விழுந்திருந்தது. பழைய பழக்கம் எங்கே போகும்? கொஞ்சம் மருந்து கேட்கலாமென்று பூந்தோட்டத்துக்குப் போனேன். பவளம் செவ்வந்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, எத்தனை புழு என்று கேட்டார். பதினொன்று என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“எண்ணிட்டு வந்திருக்கீங்களே கங்காணி,” என்றார். “அப்ப போய்ப் பாத்துக்குங்க. பதினொண்ணும் பறந்ததும் எனக்குச் சொல்லி அனுப்புங்க.”

நேற்றோடு ஒன்பது பறந்துவிட்டது. இரண்டு இன்னும் கூட்டுக்குள் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.